அக்காவுக்காக எடுத்த வீடியோ

சாவு வீட்டுக்குக் கேமரா தூக்கிக்கொண்டு போகிறவள் என்று எங்கள் ஊர் ஹட் பேயில் சிலர் என்னைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அவர்கள் வீட்டில் ஒரு சாவு விழுந்தால் முதல் போன் எனக்குத்தான் வரும். இந்தத் தீவில் யாருக்குச் சொந்தபந்தம் முழுசாக இங்கேயே இருக்கிறது? அண்ணன் மதுரையில் இருப்பான், மாமியார் ராமநாதபுரத்தில், பெண்ணைக் கட்டிக்கொடுத்தது சென்னையில். சேதி கேட்டுப் புறப்பட்டால் போர்ட் பிளேயர் வரை விமானம், அங்கிருந்து ஷிப். ஷிப்புக்கு டிக்கெட் கிடைக்க வேண்டும், கடல் சும்மா இருக்க வேண்டும். எல்லாம் கூடி வந்து சேர்வதற்குள் சாம்பல்கூட ஆறிப்போயிருக்கும். அதனால் கல்யாணத்துக்கு எடுக்கிற மாதிரியே சாவுக்கும் வீடியோ எடுத்து மெயின்லேண்டுக்கு அனுப்புவது எங்கள் ஜனங்களிடம் பழக்கமாகிவிட்டது.

எனக்குத் தொழில் கல்யாணம், காதுகுத்து, சடங்கு. கடைத்தெருவில் ஒரு சின்ன ஸ்டூடியோ. சாவு வீடியோவை மட்டும் நான் தொழிலாக நினைத்ததில்லை. அதற்கு நானாகச் சில கட்டுப்பாடுகள் வைத்திருந்தேன். வீட்டு ஆள் வந்து கூப்பிடாமல் கேமராவைப் பையிலிருந்து வெளியே எடுக்க மாட்டேன். மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறவர்களின் பக்கத்தில் போய் நிற்க மாட்டேன். பாட்டுச் சேர்க்க மாட்டேன். அனுப்புவதற்கு முன் பார்க்கப்போகிறவருக்கு நானே போன் செய்து, முதலில் இது வரும், பிறகு இது வரும், இந்த இடத்தில் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும், தனியாக உட்கார்ந்து பார்க்காதீர்கள் என்று சொல்வேன். சில பேர், "என்னம்மா, சினிமாக் கதை சொல்ற மாதிரி சொல்லுற" என்று எரிந்து விழுந்திருக்கிறார்கள். விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிடுவேன்.

இதையெல்லாம் என் சொந்த அக்கா மகனுக்குச் செய்ய வேண்டி வரும் என்று யார் கண்டது?

எங்கள் அப்பாவும் அம்மாவும் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, இங்கே எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். அவர்களுக்கு நாங்கள் இரண்டு பெண்கள். அம்மா வேலைக்குப் போக, என்னை இடுப்பில் தூக்கித் திரிந்து வளர்த்தது அக்காதான். அவளுக்கு இதயத்தில் வால்வு கெட்டுப்போய், ஆபரேஷனுக்குச் சென்னைக்கு அனுப்பியிருந்தார்கள். துணைக்கு அவள் மகள் போயிருந்தாள். அத்தானுக்கு இங்கே கூலி வேலை, விட்டுவிட்டுப் போக முடியவில்லை. அப்பாவுக்குச் சோறு பொங்கிப் போட ஆளில்லையே என்று மகன் ஹேவ்லாக் தீவிலிருந்து லீவு போட்டு வந்தான். அங்கே ஒரு ஹோட்டல் சமையல்கட்டில் அவனுக்கு வேலை. வந்த பிள்ளை சும்மா இருந்திருக்கலாம். நண்டு பிடித்து அப்பாவுக்குக் குழம்பு வைக்கிறேன் என்று பக்கத்து வீட்டு டிங்கிப் படகைத் தள்ளிக்கொண்டு நாலாவுக்குள் போனான். நாலா என்றால் அலையாத்தி மரங்களுக்கு நடுவே ஓடுகிற உப்பங்கழி. டிங்கி மட்டும் கவிழ்ந்தபடி திரும்பி மிதந்து வந்தது.

மறுநாள் காலையில் தண்ணீர் வற்றியபோது வேர்களுக்கு நடுவில் கிடைத்தான். வேரில் கால் சிக்கி மூழ்கியிருக்கிறான் என்று தேடப் போனவர்கள் சொன்னார்கள். போஸ்ட்மார்ட்டத்திலும் அதையேதான் சொன்னார்கள். முகத்தில் ஒரு கீறல் இல்லை. வேலை முடிந்து வந்து அசந்து தூங்குகிற பையன் மாதிரி கிடந்தான். நான் பார்த்தேன், அத்தான் பார்த்தார், படகுத்துறை ஜெட்டியில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள்.

சென்னையில் அக்காவுக்கு அப்போதுதான் ஆபரேஷன் முடிந்திருந்தது. அவள் மகள் போனில் கதறிக் கதறி, அதற்கு நடுவிலேயே டாக்டர் சொன்னதையும் சொன்னாள். "சித்தி, கொஞ்ச நாளைக்கு எந்த அதிர்ச்சியும் தாங்காதாம். அழக்கூட விடாதீங்கன்னு சொல்றாங்க. நான் என்ன பண்ணுவேன் சித்தி, நான் எப்படி அம்மா மூஞ்சியப் பாப்பேன்?"

அத்தான் போனை என் கையிலிருந்து பிடுங்கி, "அம்மாகிட்ட மூச்சு விடாத பாப்பா" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "ஏம்புள்ள, அவளையும் சேத்து அனுப்பிட்டா நான் யாருகிட்டப் போவேன்? அவ எந்திரிச்சு நடக்கட்டும். பொறவு சொல்லிக்கலாம்" என்றார். மகனைப் பறிகொடுத்த மனுஷன் மனைவியையாவது காப்பாற்றப் பார்க்கிறார். அதற்கு மேல் யார் என்ன சொல்வது? அக்காவுக்குத் தெரியக் கூடாது. அன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான் வேலை.

ஆனால் அவள் மகன் முகத்தை அவள் கடைசியாகப் பார்க்க வேண்டுமே. அவள் எழுந்து வரும்வரை உடலை வைத்திருக்க முடியாது. "எடு புள்ள, உங்க அக்காவுக்காக எடு" என்று அத்தானே சொன்னார். எடுத்தேன். மற்ற வீட்டில் முகத்தை ஒரு முறை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். அவன் முகத்தில் மட்டும் நிறுத்தி வைத்தேன், நெற்றி, புருவம், மூக்கு, மேல் உதட்டில் அவன் ஆசையாக வளர்த்துவந்த பூனைமீசை எல்லாம் தெரிகிற மாதிரி. அக்கா ஊர் திரும்பியதும், உடம்பு தேறியதும், பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு நானே காட்டுவேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே ஆறுதல் அதுதான்.

எரித்துவிட்டு வந்து தலை முழுகி, ஈரத்தோடு வாசலில் நிற்கிறேன். எதிர்வீட்டுப் பெங்காலி அம்மா ஓடிவந்து, இதைப் பார் அக்கா என்று போனை நீட்டினாள். "தேகோ தீதி, ஏ தேகோ."

ஜெட்டியில் எவனோ போனில் எடுத்திருக்கிறான். டிங்கியிலிருந்து உடலைத் தார்ப்பாயோடு இறக்குகிறார்கள். கிட்டத்தில், மூச்சு முட்டுகிற அளவு கிட்டத்தில், அவன் முகம். பக்கத்தில் தலையில் கை வைத்தபடி மண்ணில் உட்கார்ந்திருக்கிற அத்தான். பின்னால் திகில் படத்துக்குப் போடுகிற மாதிரி ஒரு இசை. மேலே சிவப்பு எழுத்தில், "ஹட் பேயில் முதலை? இளைஞர் பரிதாப பலி." போர்ட் பிளேயரில் இருந்துகொண்டு போனிலேயே செய்தி போடுகிற ஒருவனுடைய பக்கம் அது. எங்கே முதலை? யார் பார்த்த முதலை? நாலாவில் ஒருவன் செத்தால் முதலை என்று போட்டால்தான் இந்தத் தீவுக் கூட்டத்தில் அவனவன் அடுத்தவனுக்கு அனுப்புவான். அது அவனுக்குத் தெரியும். அக்காவிடம் போன் இருக்கிறது. அந்தப் போனில் அந்தப் பக்கமும் வரும், தீவில் யார் போனில்தான் வராது?

முதலில் அக்கா மகளைக் கூப்பிட்டேன். "அம்மா போனை ஒளிச்சு வை. தண்ணில போடு, ஒடச்சுப் போடு, என்னமும் செய்." ரிப்பேர் என்று சொல்லி ஒளித்துவிட்டாள். ஆனால் அக்கா சும்மா இருப்பாளா? தினமும் சாயங்காலம் மகனோடு பேசுகிறவள். "தம்பி ஏன் போன் பண்ணல? உன் போன்லயாவது கூப்பிட்டானா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாளாம். அவன் ஹேவ்லாக்குக்குத் திரும்பிப் போய்விட்டான், அங்கே டவர் இல்லை என்று மகள் சொல்லியிருக்கிறாள். தம்பி செத்த துக்கத்தை வாய்க்குள் அடக்கிக்கொண்டு, அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டியபடி அந்தப் பெண் இதைச் சொல்ல வேண்டியிருந்தது. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து அந்தப் பக்கக்காரன். எப்படியோ நம்பர் வாங்கிவிட்டேன். மதுரைப் பக்கத்துத் தமிழ்.

"தம்பி, நீங்க போட்டிருக்கிறது எங்க வீட்டுப் பிள்ளை. அதை எடுத்துருங்க."

"சாரி தீதி. ரொம்ப வருத்தமாத்தான் இருக்கு. ஆனா நியூஸ் நியூஸ்தானே?"

"முதலைன்னு யாருப்பா உனக்குச் சொன்னது?"

"கேள்விக்குறி போட்டிருக்கோம்ல?"

அட பாவி! என் வாயில் அதற்குமேல் வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. அவனும் சளைக்கவில்லை. "டென்ஷன் மத் லோ தீதி" என்று, பதறாதே என்று குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னான். நான் போனை வைத்தேன், திரும்ப எடுத்தேன். சண்டை போட்டால் காரியம் நடக்காது. கெஞ்சினேன். யார் காலிலும் விழாதவள், கண் காணாத ஒருவனிடம் போனில் கெஞ்சினேன். "இவன் அம்மா ஆபரேஷன் பண்ணிப் படுத்திருக்கா. இதைப் பாத்தா உசிரு போயிரும். உங்க அம்மாவா நெனச்சுக்க தம்பி."

"எடுத்துட்டாலும் பிரயோஜனமில்ல தீதி, நாலு பேர் டவுன்லோட் பண்ணிட்டாங்க, அவங்க போட்டுருவாங்க. நான் வேணா ஒண்ணு பண்றேன்..." என்று இழுத்தான்.

எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது: போர்ட் பிளேயரில் ஒரு முறை ஹட் பே கேமராக்காரர்கள் மூன்று பேராக ஒரு பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறோம். துயரப்பட்டவர்களை எப்படிப் படம் எடுப்பது என்று மெயின்லேண்டிலிருந்து ஒரு அம்மா வந்து சொல்லிக்கொடுத்தார். கேட்காமல் எடுக்காதே, நடுவில் நிறுத்தச் சொன்னால் நிறுத்து, அவர்கள் பட்டதைத் திரும்பப் பட வைக்காதே, வெளியே காட்டுவதாக இருந்தால் முகத்தை மறை. எனக்கு அந்த அம்மாளை மிகவும் பிடித்துப்போனது. நான் பாட்டுக்கு வைத்திருந்த கட்டுப்பாடுகளுக்கு ஒரு படித்த மனுஷி பேர் வைத்துச் சொல்கிறாளே என்று. அவர் சொன்னதெல்லாம் நியாயம். இன்றைக்கும் நான் அதை மறுக்கவில்லை.

"எடுக்கலைன்னா அவன் மூஞ்சியையாவது மறைச்சுப் போடு" என்றேன். அவன் சொல்ல வந்ததும் அதுதான். "டீக் ஹை தீதி, ப்ளர் பண்ணிடறேன்." சொன்ன மாதிரியே கொஞ்ச நேரத்தில் பழையதை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டான். இசை அப்படியே இருந்தது, முதலை அப்படியே இருந்தது. முகம் இருந்த இடத்தில் மட்டும் கலங்கல் தண்ணீர் மாதிரி ஒரு வட்டம். அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அத்தானிடம் போய், "மறைச்சாச்சு அத்தான், இனி பாத்தாலும் யாருன்னு தெரியாது" என்று சொன்னேன். அவர் தலையாட்டினார். அவர் காதில் விழுந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவை வார்டுக்கு மாற்றினார்கள். எங்கள் தீவுகளிலிருந்து சிகிச்சைக்கு அனுப்பப்படுகிறவர்கள் மெயின்லேண்ட் ஆஸ்பத்திரியில் ஒருவரை ஒருவர் எப்படியாவது கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டு கட்டில் தள்ளி, போர்ட் பிளேயர் பக்கத்துச் சௌல்தாரிக்கார அம்மா ஒருத்தி படுத்திருந்தாள். ஊர்க்காரி கிடைத்தாள் என்று இரண்டு பேருக்கும் பேச்சான பேச்சு. மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்த நேரம். அந்த அம்மா மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளுக்கு என்ன தெரியும்? "உங்க ஹட் பேயில முதல புடிச்சிருச்சாமே, பாத்தீங்களா?" என்று போனை அக்கா கையில் கொடுத்திருக்கிறாள்.

மகனை அக்காவுக்கு அடையாளம் தெரிந்திருக்காது. ஆனால் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த புருஷனைத் தெரியாமல் போகுமா? அவர் முகத்தை மறைக்க வேண்டும் என்று அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

மகளின் போனிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவள்தான் என்று நினைத்து, "சொல்லு பாப்பா" என்றேன்.

"நான்தான்" என்றாள் அக்கா.

அழவில்லை. அந்தக் குரலில் மூச்சுதான் இருந்தது. பின்னால் மகள், "அம்மா வேணாம்மா, அம்மா படுங்கம்மா" என்று கத்துவது கேட்டது. ஸ்டூடியோ படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"ஏய், மறைக்காமச் சொல்லு. மூஞ்சிய முதல தின்னுருச்சா?"

"ஐயோ அக்கா! முதலையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவன் தண்ணில மூழ்கிட்டான் அக்கா. மூஞ்சி நல்லாருக்கு. ஒரு கீறல் இல்ல."

"நல்லாருந்தா ஏன் மறைச்சிருக்கு?"

"நான்தான் மறைக்கச் சொன்னேன். ஊரெல்லாம் பாக்குது, நீ பாத்துரக் கூடாதுன்னு சொன்னேன்."

"நல்லாருக்கிற மூஞ்சிய எதுக்குடி மறைக்கச் சொல்லுவ?"

அந்த வகுப்பில் சொன்னதையா சொல்வேன்? ஸ்டூடியோ உள்ளே உட்கார்ந்திருந்த அத்தானிடம் போனைக் கொடுத்தேன். "சாமி சத்தியமா சொல்றேன், பச்சப்புள்ள தூங்குற மாதிரி இருந்தான்" என்றார் அவர். "நீங்களும் அவகூடச் சேந்துக்கிட்டீங்களா?" என்று அக்கா கேட்டது எனக்கும் கேட்டது. அதோடு அவர் போனை என்னிடமே தந்துவிட்டார்.

"எந்தப் பக்கம் தின்னுச்சு? கண்ணு இருந்துச்சா?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். மூச்சு இரைத்தது. நர்ஸ் யாரோ வந்து போனை வாங்கப் பார்ப்பதும் அக்கா தர மறுப்பதும் கேட்டது. அவள் நெஞ்சுக்குள் என்ன படம் ஓடியிருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கலங்கல் வட்டத்துக்குப் பின்னால் அவள் மகனுக்கு முகமே இல்லை. என்னிடம் அந்த முகம் இருக்கிறது. அவளுக்காகவே எடுத்தது. டாக்டர் வேண்டாம் என்றுதான் சொன்னார், ஆனால் இதைவிடக் கெட்டது இனி என்ன இருக்கிறது?

"அக்கா, என்கிட்ட வீடியோ இருக்கு. உனக்காக எடுத்தேன். அவன் மூஞ்சி மட்டும் அனுப்புறேன். பாப்பாவப் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டுப் பாரு. மொதல்ல நெத்தி தெரியும், தூங்குறாப்லதான் இருப்பான், பயப்படாத" என்று, எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே அவளுக்கும் சொன்னேன்.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி அனுப்பினேன். நெட் இழுத்தது. பாதியில் நின்றது. போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன். பார்க்கிறவர்கள் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். போய்ச் சேர்ந்ததும், இனி அக்கா அழுவாள், அழட்டும், அழுதால் நான் நிம்மதியாகச் செத்துப்போவேன் என்று நினைத்தேன்.

திரும்பக் கூப்பிட்டாள். "பாத்தியா அக்கா? நம்ம பிள்ளை முழுசா இருக்கான்ல?" என்றேன்.

"போன வருசம் ரேஷன் கடைக்காரர் மக கல்யாணத்துல," என்று மெதுவாக ஆரம்பித்தாள், "அந்தப் பொண்ணு கன்னத்துல தீப்பட்ட தழும்பு இருந்துச்சு. ஆல்பத்துல தழும்பையே காணோம். அவங்க ஆத்தாளே அசந்து போயிருச்சு. நீதான் கம்ப்யூட்டர்ல ஒக்காந்து தேச்சு எடுத்த. நான் பக்கத்துல இருந்து பாத்தேன்ல?"

"ஐயோ அக்கா, இது அது இல்ல! இதுல நான் கை வைக்கல அக்கா! உன் மேல சத்தியம், என் பிள்ளைங்க மேல சத்தியம்..."

"எனக்காகத்தானே செஞ்ச. கோவமில்ல" என்றாள். அவள் மூச்சு கொஞ்சம் நிதானமாக வந்தது. "நல்லாத்தான் பண்ணியிருக்க தங்கச்சி. வாயி மட்டும் அவனுது மாதிரி வரல."